அப்பா கோப்பிக் கடைக்குப் போவதை நிறுத்தியது ஏன்?

ஆலைக்காரர் மகன், சுங்கை சிப்புட் (மலேசியா):

வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 81 வயது. முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ரப்பர் ஆலையில் மெஷின் பக்கத்திலேயே நின்று வேலை செய்தவர். அம்மா தவறிய பிறகும் காலை ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார். அங்கே கோப்பிக் கடையில் ஐந்தாறு பேர் கூட்டாளிகள், எல்லாம் பழைய தோட்டத்து ஆட்கள். தமிழ் நேசன் பத்திரிகை 2019இல் நின்றுபோனதற்கு வீட்டில் துக்கம் நடந்த மாதிரி பேசிக்கொண்டவர்கள். தோட்டத் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது யாருடைய அப்பா முதலில் பங்கு கட்டினார் என்ற சண்டை இன்னும் அவர்களுக்குள் தீரவில்லை.

போன வருடம் ஒவ்வொரு சாக்காகச் சொல்ல ஆரம்பித்தார். மழை வருகிற மாதிரி இருக்கிறது, டயரில் காற்று இல்லை, கோப்பியில் சீனி அதிகம். தீபாவளி வருவதற்குள் போவதை அடியோடு விட்டுவிட்டார். கிள்ளானில் இருக்கும் அக்கா போன் செய்தால், "நீயே பேசு" என்று என் கையில் கொடுத்துவிடுவார். அம்மாவை நினைத்து உடைந்து போயிருக்கிறார் என்று நாங்களாக முடிவு கட்டினோம். கோவிலுக்கு அழைத்துப் போனோம். ஒரு தனியார் கிளினிக்கில் மூன்று நிமிடம் பார்த்துவிட்டுத் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவறைக் கதவில் முட்டிக்கொண்டார். நல்ல வேளை, விழவில்லை. மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் பேத்தி. ஆறு வயது. ஒரு நாள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தாத்தா, பசியாற வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். மனிதர் அசையவில்லை. முன்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுத்ததும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் சொன்னார். கடையில் ஃபேன் சத்தம், டிவி சத்தம், மங்கு கழுவுகிற சத்தம், எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகத்தான் காதில் விழுமாம். மற்றவர்கள் சிரித்தால் இவரும் சிரிப்பாராம். ஒரு நாள் கூட்டாளி ஒருவர் தன் தம்பி இறந்துபோனதைச் சொல்லியிருக்கிறார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். மேசையே அமைதியாகிவிட்டதாம். "அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?" என்றார்.

அரசாங்க கிளினிக்கில் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இடது காதில் அழுக்கு கல்லாக இறுகியிருந்தது. சொட்டு மருந்து விட்டு இளக வைத்து எடுத்தார்கள். அதிலேயே கொஞ்சம் தெளிந்தது. பிறகு ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். முறை வர மாதக்கணக்கில் ஆனது. அங்கே ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம். அதனால் ஆண் குரல் ஓரளவு கேட்கும், பெண்கள், பிள்ளைகள் குரல் தேய்ந்துவிடும். அக்கா போனையும் பேத்தி கூப்பிட்டதையும் நினைத்துக்கொண்டேன்.

காது கேட்கும் கருவி வந்த முதல் வாரம் வீட்டில் போர்தான். தட்டு வைத்தால் இடி விழுகிறது, செருப்புச் சத்தம் தாங்கவில்லை என்று கழற்றி வைத்துவிடுவார். மூளைக்குப் பழக சில வாரம் ஆகும், தினமும் கொஞ்ச நேரம் போட்டு ஏற்றிக்கொண்டே போகச் சொல்லியிருந்தார்கள். இப்போது கடைக்குப் போகிறார். டிவிக்கு எதிர்ப்பக்கம், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்காருகிறார். முதல் நாள் போனதும் அந்தக் கூட்டாளியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "கோப்பிக்கு அவன்தான் காசு கொடுத்தான்" என்பதோடு முடித்துவிட்டார்.

மிசி அக்கா, கோலகங்சார்:

தம்பி, நான் கிளினிக்கில் மிசியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரி எத்தனை பேரை "கிழவருக்குத் திமிர்" என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தெரியுமா? காது கேட்காதவரிடம் கத்தாதீர்கள். கத்தினால் குரல் உடைந்து இன்னும் குழம்பும். முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசுங்கள்.

மறதி நோயைக் கூட்டக்கூடிய, ஆனால் நாம் ஏதாவது செய்ய முடிந்த 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. காது கேளாமையும் அதில் உண்டு, ஆள் தொடர்பு இல்லாமல் ஒதுங்கிப் போவதும் உண்டு. உன் அப்பா கதையில் ஒன்று மற்றொன்றுக்கு வழி விட்டிருக்கிறது, பார். ஆனால் கருவி மாட்டினால் மறதியே வராது என்று கடைக்காரன் சொன்னால் நம்பாதே. அந்த அளவுக்கு யாரும் நிரூபிக்கவில்லை.

60 வயது தாண்டினால் அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கு அந்த ஒரு வெள்ளியும் (ரிங்கிட்) கிடையாது. செலவுக்குப் பயந்து யாரும் வீட்டில் உட்கார வேண்டாம். கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) எடுத்துக்கொண்டு சமூக நல இலாகாவான ஜேகேஎம்மில் உதவி கேட்கலாம்.

நாலாம் மாடி, பெஸ்தாரி ஜெயா (எனக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்):

எங்கள் வீட்டில் காது இல்லை, முட்டி. அம்மா ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். லைன் வீட்டில் இருந்தவரை வாசலில் கால் வைத்தால் போதும், நாலு வீட்டுக் கதை வந்துவிடும். தோட்டம் கைமாறி, மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். லிப்ட் இல்லை. அம்மா மாதம் ஒரு தடவை இனிப்புநீர் மாத்திரை எடுக்க மட்டும் இறங்குவார். காய்கறி வேன் வந்தால் கயிற்றில் கூடை கட்டிக் கீழே விடுவார். கூடைக்குள் காசு இருக்கும், கூடவே வேன்காரருக்கு ஒரு திட்டும் போகும். அந்த வேன்காரர் ஒருவர்தான் அவருக்கு வெளியுலகம்.

நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, படி குறையவில்லை. கடைசியில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்த மலாய்க்காரத் தம்பதியிடம், வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சின்ன வயசு. அன்றைக்கே சரி என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரர்களைச் சம்மதிக்க வைக்கத்தான் மூன்று மாதம் ஆனது. இப்போது அம்மா வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார், பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. நான் வேலை முடிந்து வந்தால் எனக்குத்தான் உட்கார இடமில்லை.

லாரிக்காரன், பகாவ்:

என் மாமாவும் இப்படித்தான் கோவிலுக்கு வருவதை விட்டார். எல்லாரும் சாமி மேல் கோபம் என்றார்கள். கடைசியில் பார்த்தால் ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போக வைக்கிற வகை. கோவில் கழிவறை பின்னால், மேட்டில். டாக்டரைக் கேட்டு வெள்ளிக்கிழமை மட்டும் பூசை முடிந்து வந்து போடுகிறார். அவ்வளவுதான் விஷயம்.

ஒண்டிக்கட்டை, சுங்கை சிப்புட்:

எல்லாரும் உடம்பைச் சொல்கிறீர்கள். எனக்கு 74 வயது, காது, முட்டி, பல் எல்லாம் பரவாயில்லை. மனைவி இல்லை, தனியாக இருக்கிறேன், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. முதியோர் நடவடிக்கை மையத்துக்குப் போங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று பிள்ளைகள் போனில் நச்சரிக்கிறார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்து பிஸ்கட் கொடுத்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

நான் தோட்டத்தில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவன். பிறப்புப் பத்திரம், சேமநிதிப் பாரம் (படிவம்), பள்ளிக்கூடக் கடிதம் என்று ராத்திரி பத்து மணிக்கும் வாசலில் ஆள் நிற்கும். இப்போது எல்லாம் கைப்பேசியில். என்னிடம் வந்து "இதைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டு எத்தனை வருடமோ ஆகிறது. தனிமை என்றால் எனக்கு அதுதான். இதற்கு மிசி அக்காவிடம் மாத்திரை உண்டா?

ஆலைக்காரர் மகன்:

அக்கா, நன்றி. பேட்டரி பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: அப்பாவுடையது காற்றுப் பட்டால் வேலை செய்கிற பட்டன் பேட்டரி. மேலே ஆரஞ்சு நிறத்தில் சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்து ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் போட வேண்டும். அப்பா அந்த ஸ்டிக்கரை அன்றைய தேதி மேல் காலண்டரில் ஒட்டிவிடுகிறார், எப்போது மாற்றினோம் என்று தெரிய. எங்கள் காலண்டரில் இப்போது நல்ல நாள் எது, பேட்டரி நாள் எது என்று தெரியவில்லை.

ஒண்டிக்கட்டை ஐயா, நீங்களும் நம் ஊர்தான் என்று இப்போதுதான் கவனித்தேன். அப்பாவின் ஓகேயு பாரம் இரண்டு மாதமாக மேசையிலேயே கிடக்கிறது. எனக்கு அந்த மலாய்ச் சொற்கள் பாதி புரியவில்லை.

ஒண்டிக்கட்டை:

பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். மத்தியானம் தூங்குவேன், நாலு மணிக்கு மேல் வாருங்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், படம், டாக்டர் எழுத வேண்டிய பக்கம். பேனா கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது. அப்பாவையும் அழைத்து வாருங்கள், முதலில் பங்கு கட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.