ஒட்டு நகத்தோடு தலைக்குக் குளித்தவர்கள் இருக்கிறீர்களா?

கரிசல்மண்:
எனக்குத் தலைதீபாவளி. முந்தைய இரவு பத்து விரல்களிலும் ஜெல் ஸ்டிக்கர் வைத்து ஒட்டு நகம் போட்டிருந்தேன். விடியற்காலையில் அம்மா உச்சியில் நல்லெண்ணெய் வைத்துவிட்டார். மீதியை நானே தேய்த்துக்கொண்டேன். சீயக்காய் போட்டு இரண்டாம் முறை அலசும்போது, வலது ஆள்காட்டி விரலின் நகம் அடிப்பக்கத்தில் தூக்கிக்கொண்டு, அதற்குள் முடி கொத்தாக நுழைந்துவிட்டது. கையை எடுக்கவும் முடியவில்லை, கண்ணைத் திறக்கவும் முடியவில்லை. ஒற்றைக் கையால் தாழ்ப்பாளை நீக்கி அம்மாவை அழைத்தேன். அவர் இழை இழையாக விடுவித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தார். நல்ல நாளும் அதுவுமாக மகளின் முடியில் கத்தரி வைக்க வேண்டியதாயிற்றே என்று அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மாடித்தோட்டம்:
கரிசல்மண் அவர்களே, ஸ்டிக்கர் நகத்தோடு எண்ணெய் தேய்த்தால் அப்படித்தான் ஆகும். நான் பசை போட்டு ஒட்டியிருந்தேன். எண்ணெய் வைக்காமல் ஷாம்பு மட்டும்தான் போட்டேன். நகம் அசையவே இல்லை, ஆனால் ஓரத்து இடுக்கில் இரண்டு முடி மாட்டிக்கொண்டது. பொறுமையின்றி வெடுக்கென்று இழுத்ததில் ஒட்டு நகத்தோடு என் சொந்த நகத்தின் மேலடுக்கும் உரிந்து வந்துவிட்டது. விரல் நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், அந்த வெள்ளைத் திட்டு மறைய மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

நீலாம்பரி:
எண்ணெய் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. தண்ணீரில் ஊறினால் நம் நகமே சற்று உப்பும். மேலே இருக்கும் பிளாஸ்டிக் உப்பாது. அதனால் பிடிப்பு தளர்கிறது. வெந்நீரில் ஸ்டிக்கரின் பசை இன்னும் விரைவாக இளகும். என் மகளுக்கு இப்படி ஓர் ஓரம் தளர்ந்து, அடியில் ஈரம் தங்கி, கழற்றியபோது அவளுடைய நகம் பச்சை நிறமாக இருந்தது. அது சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் வருவது என்று தோல் மருத்துவர் சொன்னார். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன்: நகக்கண்ணின் ஓரச்சதையில் ஏறாத அளவைத் தேர்ந்தெடுங்கள், ஒட்டுவதற்கு முன் நகத்தை ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள், ஒட்டிய அன்றே தலைக்குக் குளிக்காதீர்கள். முதலில் சிக்கெடுத்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில், விரலின் சதைப்பகுதியால் மட்டும் தேய்த்து, முடியை மேலிருந்து கீழாகவே அலசுங்கள். ஓரம் தூக்கினால் இழுக்காமல், சோப்பும் சில சொட்டு எண்ணெயும் கலந்த வெதுவெதுப்பான நீரில் விரலை ஊறவைத்துக் கழற்றுங்கள். நகம் ஒட்டும் திரவப் பசை கையில் சிந்தினால் பஞ்சால் துடைக்கவே கூடாது. பருத்தியில் பட்டால் அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

வைகறை:
நீங்கள் எல்லோரும் உங்கள் தலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்த என் அம்மாவுக்கு வாரம் ஒருமுறை நான்தான் தலைக்கு ஊற்றிவிடுவேன். தோழியின் திருமணத்திற்குப் போட்ட நகத்தைக் கழற்றாமலே அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு தேய்த்தேன். ஒட்டு நகத்தின் நுனியில் நமக்கு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. அம்மாவால் பேச இயலாது. அவர் இடது தோளை மட்டும் மெல்லச் சுருக்கினார். தண்ணீர் குளிர்கிறது போலும் என்று எண்ணி நான் வெந்நீரைச் சேர்த்தேன். நுரையை வழித்தபோதுதான் காதின் பின்புறம் நீளமாக ஒரு கீறலும் அதில் இரத்தமும் தெரிந்தன. அம்மாவை ஸ்டூலில் அப்படியே உட்காரவைத்து, என் விரல்களை அந்த வாளி நீரிலேயே ஊறவைத்துப் பத்து நகங்களையும் கழற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து அலசிவிட்டேன்.