கொய்யா மரம் காய்ந்துகொண்டே வருகிறது, பூஞ்சாண மருந்து ஊற்றியும் நிற்கவில்லை

கேள்வி (பழனி பக்கம்)
வணக்கம். செம்மண் பூமி, சொட்டுநீர், தைவான் பிங்க் ரகம், நட்டு மூன்றாம் வருடம். சில மரங்களில் இலை செம்பு நிறமாகி, ஓரம் கருகி உதிர்கிறது. காய் சிறுத்துப்போய், பிறகு மரமே காய்ந்துவிடுகிறது. மருந்துக் கடையில் வாடல் நோய் என்றார்கள். கார்பெண்டசிம் கரைத்து வேரில் ஊற்றினேன். கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தது, மறுபடி அதே நிலைதான். இப்போது பக்கத்து வரிசைக்கும் வந்துவிட்டது. ஊடுபயிராகப் போட்ட தக்காளியும் வளராமல் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (ஒட்டன்சத்திரம்)
துத்தநாகம், போரான் பற்றாக்குறையாக இருக்கும் அண்ணா. நுண்ணூட்டக் கலவை அடித்துப் பாருங்கள்.

பதில் (தோட்டக்கலை படித்தவன்)
நுண்ணூட்டக் குறையில் மரம் இப்படித் திட்டுத்திட்டாகச் சாகாது. தக்காளியும் நிற்கிறது என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. காய்ந்த மரத்தை விடுங்கள். இப்போதுதான் நிறம் மாறுகிற மரத்தில், சொட்டுநீர் விழும் இடத்தில் ஒரு சாண் தோண்டி சல்லிவேரை எடுத்து வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். ஒரு தக்காளிச் செடியையும் பிடுங்கிப் பாருங்கள்.

கேட்டவர்
பார்த்தேன் ஐயா. கொய்யா வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருக்கிறது. சில முடிச்சுகள் பழுப்பாகி அழுகி, தோல் கழன்று வருகிறது. சல்லிவேரே குறைவு. தக்காளி வேரும் அப்படித்தான். கன்று கொடுத்தவர், அவரை வேரில் இருக்குமே, அதுபோல நல்ல முடிச்சுதான் என்கிறார்.

பதில் (தோட்டக்கலை படித்தவன்)
இல்லைங்க. அவரை, கடலை வேரில் முடிச்சு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உங்களுக்கு வேரே வீங்கியிருக்கிறது. இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. பெரும்பாலும் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்ற இனமாக இருக்கும். இந்தியாவில் 2016-இல் இது பதிவானதே தமிழ்நாட்டுக் கொய்யாவில்தான். நூற்புழுவைத் தாங்கும் என்று விற்கிற தக்காளி ரகங்களையும் இது தாக்கும்.

கடைக்காரர் சொன்ன வாடல் பூஞ்சையும் பொய்யில்லை. புழுவும் பூஞ்சையும் சேர்ந்துதான் மரத்தைக் கொல்கின்றன. இளம்புழு வேருக்குள் புகுந்து, சில செல்களை ராட்சத அளவுக்கு ஊத வைத்து, மரத்தின் சத்தை அங்கே இழுத்துக் குடிக்கிறது. அந்த முடிச்சிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலமும் கசியும். மண்ணில் சும்மா கிடந்த பியூசேரியம் என்ற அந்த வாடல் பூஞ்சை அதைத் தின்று பெருகி, முடிச்சு வழியாக உள்ளே போய் வேரை அழுகவைக்கிறது.

புழு போடும் ஓட்டை மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசிலில் கொய்யாக் கன்றின் வேரைக் கத்தியால் கீறி பியூசேரியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், அழுகல் வரவில்லை. நூற்புழு தாக்கிய கன்றில்தான் வந்தது. பூஞ்சையை எதிர்க்கிற சக்தியையே புழு மாற்றிவிடுகிறது. பருத்தியில் இந்தக் கூட்டணியை அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் என்ற ஆய்வாளர் 1892-லேயே கவனித்து எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் கடையில் இன்றைக்கும் பூஞ்சாண மருந்தை மட்டும் கொடுத்து அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கார்பெண்டசிம் பூஞ்சாண மருந்துதான், அதை நம்பிப் புழுவைக் கட்டுப்படுத்த முடியாது.

கேட்டவர்
சரிங்க ஐயா. அப்போ நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை என்கிறார்களே, அந்த டிரைக்கோடெர்மா விடலாமா? செத்த மரத்துக் குழியிலேயே புதுக் கன்று வைக்கலாமா?

பதில் (தோட்டக்கலை படித்தவன்)
விடலாம். ஆனால் கார்பெண்டசிம் ஊற்றிய கையோடு விட்டால் டிரைக்கோடெர்மாவும் செத்துவிடும், அதனால் இடைவெளி கொடுங்கள். கூடவே நூற்புழு முட்டையைத் தின்கிற பர்புரியோசில்லியம் லிலாசினம் என்ற பூஞ்சையும் வேண்டும். இரண்டையும் மட்கிய தொழு உரம், வேப்பம் புண்ணாக்கோடு கலந்து, ஈரம் காயாமல் நிழலில் சில நாள் வைத்திருந்து, சல்லிவேர் இருக்கிற வட்டத்தில் போடுங்கள். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டை இடும். நம் சூட்டில் ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். அதனால் ஒரு தடவை போட்டுவிட்டு நிறுத்தக் கூடாது.

தக்காளியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். அந்த இடத்தில் கத்தரி, மிளகாய் வேண்டாம். நிலக்கடலை போடலாம், இந்தப் புழு அதில் பெருகாது. முழுதும் காய்ந்த மரம் திரும்பாது, வேரோடு தோண்டி எடுங்கள். அதே குழியில் இப்போதைக்குக் கொய்யா வைக்க வேண்டாம்.

ரசாயன நூற்புழுக்கொல்லி பற்றி முடிவெடுக்கும் முன், வேரும் ஈரமண்ணும் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயில் படாமல் கோவை வேளாண் பல்கலைக்கழக நூற்புழுவியல் துறைக்குக் கொடுத்து, இனம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பதில் (ஒட்டன்சத்திரம்)
என் தோட்டத்திலும் அதே வருடம் வைத்த கன்றுகள்தான். நாளைக்கே வேரைத் தோண்டிப் பார்க்கிறேன்.

பதில் (தோட்டக்கலை படித்தவன்)
பாருங்கள் தம்பி. ஒரு மரம் தோண்டியதும் மண்வெட்டியைக் கழுவிவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். இனி கன்று வாங்கினால் பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.