தெர்மாகோல் விண்கலமும் கம்பியில் பறந்த மனிதனும்: சின்ன பட்ஜெட் விஞ்ஞானப் படங்களில் கண்ணில் பட்டவை

பழைய ரீல்:

சின்ன பட்ஜெட் விஞ்ஞான அடிதடிப் படம் என்றாலே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் படங்களில் நம்மைப் பிடித்து நிறுத்திய ஷாட்களை இங்கே எழுதுவோம். அதில் இருப்பது என்ன பொருள், எப்படி எடுத்தார்கள், எந்த இடத்தில் குட்டு உடைகிறது என்று எழுதினால் போதும். எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தோம் என்ற கதை வேண்டாம்.

முதலில் ராக்கெட் மனிதன். ரிபப்ளிக் நிறுவனம் 1949-ல் எடுத்த 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' தொடர்படம். தோல் ஜாக்கெட், முதுகில் ராக்கெட், தலையில் தோட்டா வடிவத்தில் ஒரு கவசம். நெஞ்சுப் பலகையில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ஆன், ஆஃப். மேலே, கீழே. மெதுவாக, வேகமாக. நாயகன் ஓடிவந்து, ஒரு கணம் நின்று, அந்தக் குமிழைத் திருகிவிட்டுத் தாவுவான். அந்தத் திருகலில் துளி விளையாட்டுத்தனம் இருக்காது. பஸ் டிரைவர் கியர் மாற்றுகிற மாதிரி அவ்வளவு இயல்பு. அந்த ஒரு சைகையால்தான் அடுத்து வரும் பறத்தலை நம்புகிறோம்.

பறப்பது ஆள் இல்லை, காகிதக்கூழ் பொம்மை. ஹோவர்ட், தியோடர் லைடெக்கர் என்ற சகோதரர்கள் இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே சாய்வாகக் கம்பி கட்டி, பொம்மைக்குள் கப்பி வைத்துச் சறுக்கவிட்டார்கள். எடுத்தது வெட்டவெளியில், நல்ல வெயிலில். பின்னால் இருப்பது நிஜ வானமும் நிஜ மலையும் என்பதால் நிழல் விழும் திசை தப்பாது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் அந்த ஷாட் நிற்கிறது.

தகராறு கொடுத்தது தலைக்கவசம்தான். முன்மூடி வளைந்துபோய், திறந்தால் திறந்தபடியும் மூடினால் மூடியபடியும் சிக்கிக்கொள்ளும். இரண்டு கவசங்கள் செய்திருந்தார்கள், எடை குறைந்தது சாகசக் காட்சிகளுக்கு மட்டும்; இரண்டிலும் இதே தொல்லைதான். அதே உடுப்பும் அதே பறக்கும் ஷாட்களும் 1952-ல் வேறு தொடர்களிலும் தலைகாட்டின.

மினியேச்சர் மணி:

அந்தப் பொம்மையை ஆளைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. சின்னப் பொருள் காற்றில் படபடக்கும், நடுங்கும். பெரிதாக்கினால் அசைவு நிதானமாகும்.

பெரிதாகச் செய்ய வழியில்லாதவர்களுக்குக் கேமரா வேகம். படம் திரையில் ஓடும் சாதாரண வேகம் நொடிக்கு 24 ஃபிரேம். சூத்திரம் இதுதான்: அந்த 24-ஐ, மாடல் எத்தனை மடங்கு சிறியதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 1/25 அளவு மாடல் என்றால் வர்க்கமூலம் 5, ஆக நொடிக்கு 120 ஃபிரேம். 1/100 என்றால் 240. நம் கைப்பேசிகளின் ஸ்லோமோஷனில் இருக்கும் 120-ம் 240-ம் இந்த இரண்டு அளவுகளுக்கும் அச்சாகப் பொருந்திவிடுகின்றன.

சரிபார்க்க ஒரு உதாரணம். 10 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழ 1.43 நொடி ஆகும். அதன் 1/25 மாடல் 40 செ.மீ. உயரம், அதன் உச்சியிலிருந்து விழ 0.286 நொடிதான். 120-ல் எடுத்து 24-ல் ஓட்டினால் 0.286 ஐந்து மடங்காகி 1.43-க்கே வந்துவிடும். கண் கணக்குப் போடாது, ஆனால் எடை எவ்வளவு என்பதைச் சட்டென்று சொல்லிவிடும். பழைய படங்களில் கட்டடம் அட்டைப்பெட்டி மாதிரி சரிந்தால், பெரும்பாலும் கேமரா சாதாரண வேகத்தில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, வெளிச்சம். 240 ஃபிரேமில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/240 நொடிதான் கிடைக்கும், 24 ஃபிரேமில் எடுக்கும்போது வழக்கமாகக் கிடைக்கும் 1/48-ல் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டு டியூப்லைட்டில் எடுத்தால் படம் கருக்கும், கூடவே துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது, அது ஸ்லோமோஷனில் பட்டவர்த்தனமாகத் தெரியும். காலை வெயிலில், மொட்டைமாடியில் எடுங்கள். இரண்டு, ஃபோகஸ். மாடலின் மூக்கு மட்டும் தெளிவாக இருந்து வால் மங்கினால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸ் துளையைச் சுருக்கினால் முழுதும் தெளியும். அதற்கும் வெயில்தான் வேண்டும். மூன்று, தண்ணீரும் தீயும். துளி எந்த அளவு மாடலிலும் அதே துளிதான், சுடரும் அப்படியே. 1/4-க்குக் கீழே போன மாடலை வெள்ளத்தில் மூழ்கடிக்கும் காட்சியை எழுதாமலே இருப்பது நல்லது.

தேனி செந்தில்:

சின்ன பட்ஜெட் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனைச் சொல்லாமல் இந்தத் திரி நகராது. கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் பழைய மரக்கடை ஒன்றை வாங்கி ஸ்டூடியோ ஆக்கினார். 1980-ல் வந்த 'பேட்டில் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' சுமார் 20 லட்சம் டாலர் படம். அதுவரை அவர் எடுத்ததில் அதுதான் செலவு அதிகம். கதை எழுதியவர் ஜான் செய்ல்ஸ், இசை ஜேம்ஸ் ஹார்னர். மாடல் செய்யச் சேர்ந்து கலை இயக்குநர் ஆனவர் ஜேம்ஸ் கேமரூன். அந்த விண்கல ஷாட்களையும் ஹார்னரின் இசையையும் 1983-ல் 'ஸ்பேஸ் ரெய்டர்ஸ்' படத்தில் மறுபடி பயன்படுத்தினார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே சண்டைக்காட்சியை வெட்டும் வரிசையை மாற்றி எப்படி வேறு சண்டையாக்கினார்கள் என்பது பாடமாகவே கிடைக்கும்.

என்னைப் பொறுத்தவரை உச்சம் 1981-ன் 'கேலக்ஸி ஆஃப் டெரர்'. கேமரூன்தான் புரொடக்‌ஷன் டிசைனர். விண்கல நடைபாதையின் சுவர் முழுக்க வரிசை வரிசையாகப் பிதுங்கி நிற்கும் சதுரங்கள் இருக்கின்றனவே, அவை பர்கர் வைத்துக் கொடுக்கும் தெர்மாகோல் டப்பாக்கள். திறந்த நிலையில் ஒட்டி வண்ணம் அடித்திருக்கிறார்கள். ஒரு டப்பா என்றால் டப்பாவாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் இடைவெளி பிசகாமல் அடுக்கி, பக்கவாட்டில் விளக்கு வைத்தால் கண் அதை இயந்திரம் என்று எடுத்துக்கொள்கிறது. அடுக்கின் ஒழுங்குக்குத்தான் அங்கே மதிப்பு, பொருளின் விலைக்கு இல்லை.

குறும்படத்துக்கு இதையே செய்ய: 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை இரண்டு, எதிரெதிரே நிறுத்தி நடுவில் 3 அடி வழி. முட்டை அட்டை, தெர்மாகோல் தட்டு, பிவிசி பைப் முழங்கை, பழைய கீபோர்டின் உள்தகடு, எதுவானாலும் சரி. ஆனால் ஒரே வகையில் நிறைய வேண்டும். பத்து வகையில் ரெண்டு ரெண்டு ஒட்டினால் காயலான்கடை மாதிரி இருக்கும். ஒட்டிய பிறகு முதல் பூச்சு மேட் கறுப்பு. காய்ந்ததும் அகல பிரஷில் வெள்ளி வண்ணம் தொட்டு, பழைய துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடான விளிம்புகளில் மட்டும் லேசாக உரசுங்கள். உலோகம் தேய்ந்த தோற்றம் அதில்தான் வருகிறது. நடைபாதை நீளமாகத் தெரிய, தூரத்து முனையை 2 அடிக்குக் குறுக்கி, சதுரங்களையும் அதற்கேற்பச் சிறிதாக்குங்கள். நடிகர் பாதிக்கு மேல் உள்ளே போகக் கூடாது. போனால் ராட்சசன் ஆகிவிடுவார்.

மினியேச்சர் மணி:

செந்தில் அண்ணே, ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன், இதில் ஏகப்பட்ட பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தெர்மாகோல் மேல் ஸ்பிரே பெயின்ட்டை நேராக அடிக்காதீர்கள். அதில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துக் குழிகுழியாக அரித்துவிடும். முதலில் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, டிஷ்யூ பேப்பரை மேலே ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன்மேல் சுவருக்கு அடிக்கும் வாட்டர் பேஸ் எமல்ஷன் ரெண்டு கோட். ஒட்டவும் ஃபெவிகால்தான், ரப்பர் சொல்யூஷனும் தெர்மாகோலைத் தின்னும். ஹாலோஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்கவே கூடாது, தெர்மாகோல் பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். எல்.இ.டி. வையுங்கள்.

ராகவி:

1974-ன் 'டார்க் ஸ்டார்'. ஜான் கார்பென்டரும் டான் ஓ'பேனனும் கல்லூரி மாணவர்களாகத் தொடங்கிய படம், மொத்தச் செலவு சுமார் 60,000 டாலர். அதில் வேற்றுக்கிரகப் பிராணி ஒரு கடற்கரைப் பந்து. வண்ணம் அடித்து, அடியில் ரப்பர் நகப் பாதம் இரண்டு. அவ்வளவுதான்.

அது ஏன் வேலை செய்கிறது என்றால், பந்தை ஆட்டியவர் அதற்கு ஒரு குணம் கொடுத்திருக்கிறார். படத்தில் நடித்திருக்கும் ஓ'பேனன் உணவு கொண்டுவந்து வைக்கிறார், பந்து அதைச் சீந்தக்கூட இல்லை. பிறகு அவர் மேல் தாவுகிறது. முகம் கிடையாது, கண் கிடையாது. அது நகர்வதற்கு முன்னால் விடும் சின்ன இடைவெளியில்தான் 'யோசிக்கிறது' என்ற எண்ணம் நமக்கு வருகிறது. பொம்மலாட்டக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். அசைவை விட அசையாத நேரம் முக்கியம். எதிரே நிற்கும் நடிகர் அந்தப் பந்திடம் நிஜமாகவே சலித்துக்கொள்கிறார், கோபப்படுகிறார். பந்தைப் பந்தாக அவர் ஒரு முறை பார்த்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

பேசும் வெடிகுண்டும் கவனிக்க வேண்டியது. கடையில் விற்கும் 1/25 லாரி டிரெய்லர் மாடல் கிட்டில் செய்தது. அதே ஓ'பேனன், வேற்றுக்கிரகப் பிராணி ஒன்று விண்கலத்துக்குள் திரிகிறது என்ற அதே கருவை அச்சமூட்டும் விதமாகத் திருப்பி எழுதியதில் பிறந்ததுதான் 1979-ன் 'ஏலியன்'.

கோவை கதிர்:

துருக்கிக்குப் போவோம். 1982, 'துன்யாயி குர்தாரன் ஆதாம்', அதாவது உலகைக் காத்த மனிதன். இயக்கம் செடின் இனாஞ்ச், நாயகன் ஜுனெய்த் அர்கின். விண்வெளிச் சண்டைக்குப் பணம் இல்லாததால் 'ஸ்டார் வார்ஸ்' படச்சுருளையே நடிகருக்குப் பின்னால் திரையில் ஓட்டி எடுத்தார்கள்; இசையும் ஹாலிவுட் படங்களிலிருந்து அள்ளியது. நாயகன் தலைக்கவசத்தோடு அசையாமல் உட்கார்ந்திருப்பார், பின்னால் ஓடும் படத்தில் ஒரு கட் வரும். உடனே அவர் கலம் எதிர்த்திசையில் பறக்க ஆரம்பித்துவிடும். பின்திரைக்குப் படம் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இதில் ஒரு விதி கிடைக்கிறது: பின்னால் ஓடும் துண்டு, முன்னால் எடுக்கும் ஷாட்டைவிட நீளமாக, நடுவே கட் இல்லாமல் இருக்க வேண்டும்.

தரையில் நடப்பது எல்லாம் கப்படோக்கியாவின் பாறைக் கூம்புகளுக்கு நடுவே. செட்டே போடாமல் வேறு கிரகம் கிடைத்துவிட்டது. அர்கின் தாவுவதெல்லாம் மறைத்துவைத்த டிராம்போலினில். அதற்கு மூன்று ஷாட் வேண்டும்: ஓடிவரும் கால், வானத்தைப் பின்னணியாக வைத்துக் கீழிருந்து எடுத்த பறத்தல், பெட்டி மேலிருந்து குதித்து இறங்குவது. நடு ஷாட்டில் ஃபிரேமின் கீழ்விளிம்பில் தரை தெரியவே கூடாது. தெரிந்தால் உயரம் எவ்வளவு என்று கண் அளந்துவிடும்.

நெல்லை சுடர்:

சுறாமீன் சூறாவளிப் படங்களை யாரும் தொடவில்லையே? 'ஷார்க்நேடோ' 2013-ல் டிவிக்காக வந்தது, உலகம் முழுக்கப் பேசினார்கள்.

பழைய ரீல்:

தொடலாம் சுடர், ஆனால் என் அபிப்பிராயத்தில் அது வேறு இனம். 'நாங்களும் சிரித்துக்கொண்டுதான் எடுத்தோம்' என்று படமே கண்ணடித்துவிட்டால் பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. 1953-ன் 'ரோபோ மான்ஸ்டர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோபோவுக்குப் பணம் இல்லை, கொரில்லா உடுப்பு சொந்தமாக வைத்திருந்த நடிகரைக் கூப்பிட்டுத் தலையில் கவசத்தை மாட்டினார்கள். குகைவாசலில் சோப்புக் குமிழி விடும் கருவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கருவிக்குப் படத்தின் டைட்டிலிலேயே தனியாக நன்றிவரி உண்டு. அந்தக் கொரில்லா 'உணர்ச்சி எனக்கு விலக்கப்பட்டது' என்ற பொருளில் தனக்குள் தர்க்கம் செய்துகொள்ளும் காட்சியில் ஒருவரும் பாதி மனதோடு வேலை செய்யவில்லை. நான்கே நாளில் எடுத்த படம். அந்த முழுமனசுக்காகத்தான் இன்றைக்கும் பார்க்கிறோம்.

ராகவி:

சுடருக்காக ஒரு வார்த்தை. ஷார்க்நேடோவிலும் நடிகர்கள் சிரிக்காமல்தான் நடிக்கிறார்கள். ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு சுறாவின் வாய்க்குள் நாயகன் பாயும் ஷாட்டில் அவர் முகத்தைப் பாருங்கள். அந்த ஷாட் நிற்பதற்கு அந்த முகம்தான் காரணம்.

சேலத்து முருகு:

நம்ம ஊர்ப் படம் இல்லாமல் முடிக்காதீர்கள். 1952, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் சேர்ந்து எடுத்த 'காடு'. ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்'. இயக்கம் வில்லியம் பெர்க், நடிப்பு ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர். காட்டு யானைகள் மிரண்டு ஊருக்குள் ஓடிவருகின்றன. காரணம், அழிந்துபோனதாக நினைத்த மாமத்துகள், அதாவது முடி அடர்ந்த பழங்கால யானைகள், மலைக்குள் உயிரோடு இருக்கின்றன. அந்த மாமத்துகள் யார்? முடிப்போர்வை போர்த்திய யானைகள்தான்.

சேலத்தில் இதைவிடச் சரியான தீர்வு கிடைத்திருக்காது. ஹாலிவுட் என்றால் பல்லிக்குக் கொம்பு ஒட்டி டைனோசர் என்று காட்டுவார்கள். ரப்பர் பொம்மைக்கு எடை இராது. இங்கே கால் வைத்தால் மண் நிஜமாகவே அமுங்குகிறது, புழுதி நிஜமாக எழுகிறது. மணி சொன்ன வர்க்கமூலக் கணக்கே தேவையில்லை, அளவு ஒன்றுக்கு ஒன்று. குட்டு உடைவது யானை காதை வீசும்போது. உறைபனிக் காலத்து மாமத்துக்குக் காது மிகச் சிறியது. நம் யானையின் காது போர்வைக்கு வெளியே வந்து விசிறுகிறது.

மினியேச்சர் மணி:

காதை மறைக்க முடியாது முருகு. உடம்புச் சூட்டை யானை காது வழியாகத்தான் வெளியேற்றுகிறது. முடிப்போர்வையும் போட்டு வெயிலில் நிறுத்தினால் இன்னும் வேகமாகத்தான் வீசும்.