பத்தாம் வகுப்பு: இத்தனை பாடங்களையும் எப்படிச் சுழற்சியில் வைப்பது?

வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறோம். மகள் மகாராஷ்டிர போர்டில் பத்தாம் வகுப்பு, ஆங்கில வழி. இங்கே கணக்கு ஒரே தாள் இல்லை. அல்ஜீப்ரா 40, ஜியோமெட்ரி 40 என்று தனித்தனி. அறிவியலும் அப்படித்தான், இரண்டு தாள். வரலாறு, புவியியல் வேறு. அதற்கு மேல் ஆங்கிலம், மராத்தி, இந்தி.

நாளுக்கு ஒரு பாடம் என்று முதலில் பிரித்தாள். சுற்று முடிந்து திரும்பி வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறது. இப்போது ஒரே மாலையில் அல்ஜீப்ராவையும் ஜியோமெட்ரியையும் கலந்து போடுகிறாள். வேகம் குறைகிறது, எரிச்சலும் வருகிறது. ஆனால் எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தானே கண்டுபிடிக்கிறாள், அது எனக்குப் பெரிய விஷயம். வரலாற்றுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதுவது நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் மறுபார்வையில்தான். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுப் படிக்கச் சொன்னேன். பாடங்கள் கூடக் கூட மறுபார்வையே மாலை முழுவதையும் தின்றுவிடுகிறது, புதுப் பாடத்துக்கு நேரமில்லை. எதைக் குறைப்பது? ஆங்கி (Anki) மாதிரி, கேள்வி அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் செயலியை யாராவது பயன்படுத்தினீர்களா?

அப்புறம், மராத்தியும் இந்தியும் ஒரே எழுத்து என்பதால் ஒன்றின் விகுதி இன்னொன்றில் புகுந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் படிக்கலாமா, தள்ளி வைக்க வேண்டுமா?

டியூஷன் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். சமீபத்தில் பிள்ளைகளைப் பத்தாவது எழுத வைத்தவர்கள் வீட்டு அட்டவணையைப் படம் எடுத்துப் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.