புதுப்பிப்பு: சைகோன் போய் வந்தாச்சு

எங்கள் ஐயா (தாத்தா) வியட்நாமின் சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தில், ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) இருந்தவர், அங்கே செட்டியார்கள் வாழ்ந்த அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்றுதான் காரைக்குடி திரும்பினேன்.

இருக்கிறது. டோன் தட் தியெப் தெருவில் தெண்டாயுதபாணி கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அது ஓயியே தெரு. அப்பத்தா பெட்டியில் கிடந்த கடித உறையில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். வாசலில் நின்றதும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் பென் தான் சந்தைப் பக்கம் மாரியம்மன் கோயில். கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள். ஊதுவத்தி ஏற்றிவிட்டு, சுவரில் நெற்றியை வைத்து வேண்டுதலை மெல்லச் சொல்கிறார்கள். ஒரு பாட்டி வெகுநேரம் அப்படியே நின்றார். நம் ஊரில் நான் பார்க்காத வழக்கம், ஆனால் அந்நியமாகவே தோன்றவில்லை.

சாயங்காலம் ஆற்றங்கரை. 1911 ஜூன் 5 அன்று வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் கப்பலேறிய நா ரொங் துறை இப்போது அருங்காட்சியகம். கூரை உச்சியில் இரண்டு டிராகன்கள். ஐயா வந்திறங்கியதும் இந்த ஆற்றில்தான். கொஞ்சம் தண்ணீரை அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டேன்.

அடுத்து, அந்தக் கடித உறைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்துப் போடுகிறேன்.