மனநோய் கண்ட பிள்ளைகளோடு இருந்தவர்கள், மீண்டு வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அட்டன்வாசி:

எங்கள் அண்ணன் மகனைப் பற்றி, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான், திரும்பிப் போகவில்லை. இரவெல்லாம் நடப்பான். ஜன்னலை மூடிப் பேப்பர் ஒட்டினான். மனதில் நினைப்பதையெல்லாம் போன் ஊருக்குச் சொல்லிவிடுகிறது என்றான். கொழும்பில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வீட்டில் கோடாங்கியைக் கூப்பிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பலர் வீட்டோடு சண்டைக்குப் போகிறார்கள். போகாதீர்கள். பாட்டி கயிறு கட்டட்டும், முனியாண்டிக்கு நேர்ந்துகொள்ளட்டும், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது, இதற்கு மட்டும் இடம் கொடுக்கவே கூடாது. "கயிறும் இருக்கட்டும், கிளினிக்குக்கும் போவோம்" என்றதும் பாட்டியே கூடக் கிளம்பிவிட்டார். மருந்து தொடங்க நாளாக ஆக, குணமாவதும் தள்ளிப்போகும். அதனால் யார் சொன்னது சரி என்று வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை.

தனக்கு நோய் என்று அவன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தூக்கமே இல்லையே, அதுக்கு மருந்து கேப்போம்" என்றுதான் கூப்பிட்டோம். அது பொய்யும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கி, ஆதார வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போனோம். காசு கேட்க மாட்டார்கள், ஆனால் கூடப் போகிறவருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். டொக்டருக்குச் சிங்களம்தான். எப்போதிலிருந்து தூக்கமில்லை, என்னென்ன சொல்கிறான், சாப்பாடு எப்படி, குடி கஞ்சா உண்டா என்று சிங்களம் தெரிந்த நண்பரைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தோம். அங்கே மொழிபெயர்க்க வந்தவர் அவசரத்தில் பாதியை விட்டுவிட்டார், தாள்தான் காப்பாற்றியது. நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள்.

ரிஸ்பெரிடோன் என்ற மருந்து கொடுத்தார்கள். முதலில் திரும்பி வந்தது தூக்கம். போன் பற்றிய பயம் மெதுவாகத்தான் குறைந்தது. நடுவில் கை நடுங்கி, உடம்பு விறைத்து, "இனிக் குடிக்க மாட்டேன்" என்று குளிசையை எறிந்தான். உடனே திரும்பக் கூட்டிப்போனோம். அளவைக் குறைத்து, விறைப்புக்கு வேறு குளிசை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. பக்கவிளைவு வந்தால் வீட்டிலேயே நிறுத்திவிடுவதுதான் நம் ஆட்களின் வழக்கம். நிறுத்தினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு மிக அதிகம். நன்றாக ஆன பிறகும் ஒரு வருடத்துக்குக் குறையாமல் எடுக்கச் சொல்கிறார்கள்.

மேட்டு லயம்:

நான் நோயாளியாக இருந்தவள். பத்தொன்பது வயதில் வந்தது. பெரும்பாலும் இந்த வயதுகளில்தான் வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். எங்கள் காம்பிராவுக்கும் (வீட்டு அறைக்கும்) பக்கத்துக் காம்பிராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். அதனால் என்னைத் திட்டும் குரல்கள் கேட்கத் தொடங்கியபோது, அது நோய் என்று எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு அத்தைதான் பேசுகிறார் என்று நம்பினேன். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்று அவரோடு சண்டை போட்டேன். "பைத்தியம்" என்ற பெயர் ஒரே நாளில் கீழே இருக்கும் பணிய லயம் வரைக்கும் போய்விட்டது.

என்னைப் பிடித்து நிறுத்தியது அக்கா பேசிய விதம். "அப்படி ஒண்ணும் கேக்கல, சும்மா இரு" என்று ஒருநாளும் அதட்டவில்லை. ஆமாம் என்று தலையாட்டவும் இல்லை. "எனக்குக் கேக்கல. ஆனா ஒனக்குக் கேக்குதுன்னு தெரியுது. பயமா இருக்கா? நான் இங்கயே இருக்கேன்." இவ்வளவுதான் சொல்வாள். வீட்டில் கத்தலும் குத்திப் பேசுவதும் இருந்தால் நோய் சீக்கிரம் திரும்பும் என்று டொக்டரும் சொன்னார். அக்கா அதைத் தானாகவே தெரிந்துவைத்திருந்தாள்.

ஒலன்சபின் என்ற மருந்து எனக்கு வேலை செய்தது. ஆனால் பசி அடங்காது, உடம்பு போட்டுவிட்டது. பார்க்கிறவரெல்லாம் "குண்டாயிட்டியே" என்றால் எந்தப் பெண்பிள்ளை மருந்து குடிப்பாள்? தயவுசெய்து சொல்லாதீர்கள். வேறு மருந்தில் மாதவிலக்கு நின்றுபோன ஒருத்தி வெட்கப்பட்டு மறைத்தே வைத்திருந்தாள். டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள், சொல்லுங்கள்.

குரல் நின்ற பிறகும் பல மாதம் எதிலும் பிடிப்பே இல்லை. தலை சீவக்கூட மனம் வராது. அது சோம்பேறித்தனம் இல்லை, நோயின் மிச்சம். அம்மா என்னைத் தன் தேயிலை நிரைக்குக் கூட்டிப்போய் அரை நாள் கொழுந்து எடுக்க வைத்தார். எவ்வளவு கிலோ என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பன்விலப் பக்கம் ஒரு முன்பள்ளியில் வேலை செய்கிறேன், மருந்தும் குறைந்த அளவில் தொடர்கிறது.

பதுளை டீச்சர்:

வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று எழுதுவதை நிறுத்தினால், தனியாகச் சிரித்தால், கூட்டாளிகளை விட்டு ஒதுங்கினால், "லவ் பண்றான்" என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் மாணவன் ஒருவன் சிகிச்சைக்குப் போய்த் திரும்பி வந்தான். அவன் மேசையையும் கதிரையையும் அப்படியே வைத்திருந்தோம். நோட்ஸை நண்பர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஏ.எல். மூன்று தடவை எழுதலாம், ஒரு வருடம் போனால் போகட்டும் என்று பெற்றோருக்குப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

நானுஓயா:

என் தம்பிக்கும் இதே நிலைமை. கிளினிக் நாள் அடுத்த வாரம். ஆனால் நேற்றிரவிலிருந்து, "சாகச் சொல்லிக் குரல் கேக்குது" என்கிறான். அதுவரைக்கும் என்ன செய்வது?

கிளினிக் தாதி:

தங்கச்சி, கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். வாகனம் இல்லை என்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், இலவசம். பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. வீட்டில் மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல் இருந்தால், இப்போதே எடுத்து வேறு வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். கத்தி, கயிறு, மீதிக் குளிசை எல்லாம் அப்படியே. அவனைத் தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி போடுங்கள்.