லெஸ்லி: 20 நாள் கடலிலேயே கிடந்த புயல்

குழு: நம்ம சொந்தங்கள், தூத்துக்குடி

செல்வி, 7:42
பெரியப்பா, புயல் பாடம் எடுக்கணும். வகை 1-ஐத் தாண்டாம ரொம்ப நாள் தாக்குப்பிடிச்ச புயல் ஒண்ணு சொல்லுங்களேன்.

சண்முகவேல், 7:45
2018 லெஸ்லியை எடும்மா. வட அட்லாண்டிக். செப்டம்பர் 23ல உருவாகி, அக்டோபர் 13 ராத்திரி போர்ச்சுகல்ல கரையேறுச்சு. உச்சத்துல காத்து மணிக்கு சுமார் 150 கிமீ. ஹரிக்கேன்னு சொல்ற அட்லாண்டிக் பெரும்புயலுக்குக் காத்து வேகத்தை வச்சு அஞ்சு வகை, அதுல வகை 1ன்னா 119ல இருந்து 153 வரை.

செல்வி, 7:46
20 நாளா! நம்ம பக்கம் நாலஞ்சு நாள்ல முடிஞ்சிருமே.

சண்முகவேல், 7:49
வங்கக்கடல்ல எந்தப் பக்கம் போனாலும் நிலம் வந்துரும். லெஸ்லி கிடந்தது நடு அட்லாண்டிக்ல. அதை இழுத்துட்டுப் போற மேல்காத்தும் பல நாள் பலமா இல்ல. அங்கேயே சுத்திச்சு.

சண்முகவேல், 7:52
தேதியைக் குறிச்சுக்க. முதல்ல துணை வெப்பமண்டலப் புயல், அதாவது பாதி கடல் சூட்டுலயும் பாதி காத்தோட சூடு-குளிர் வித்தியாசத்துலயும் ஓடுறது. செப்டம்பர் 25ல குளிர்முகத்தோட (குளிர்காத்து முன்னேறி வர்ற எல்லை) கலந்து வெப்பமண்டலத் தன்மையே போச்சு. 28ல திரும்ப உயிர் வந்துச்சு. அக்டோபர் 3ல ஹரிக்கேன், மறுநாளே இறங்கிருச்சு. 10ஆம் தேதி மறுபடி ஹரிக்கேன்.

செல்வி, 7:53
மறுநாளே ஏன் இறங்குச்சு?

முருகன், 7:55
நகராம ஒரே இடத்துல சுத்துற புயல் தனக்குத் தானே குழி வெட்டும், செல்வி. காத்து மேல்தண்ணியை விலக்க விலக்க அடியில இருக்கிற குளிர்தண்ணி ஏறிரும். அப்புறம் ஆவி குறையும், இடிமேகம் தணியும்.

சண்முகவேல், 7:58
ஆமா மாப்ள. இன்னொண்ணு, பாடப்புத்தகத்துல கடல் 26.5 டிகிரி வேணும்னு இருக்கும். வடக்கே வானத்தோட மேலடுக்கு நல்லா குளிர்ந்திருந்தா, கடல் அதைவிடக் கொஞ்சம் குறைஞ்சிருந்தாலும் மேகம் எழும்பும். கீழுக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. இதைப் பிள்ளைங்களுக்குக் கண்டிப்பா சொல்லு.

சுரேஷ், 8:03
வகை 1 தானே அத்தான், கப்பலுக்கு அது பெருசா?

முருகன், 8:09
வகைங்கிறது மையத்துக்குப் பக்கத்துல வீசுற உச்சக் காத்து மட்டும்தான் மாப்ள. அலைக்கு மூணு வேணும்: காத்தோட வேகம், அது எவ்வளவு தூரம் வீசுது, எத்தனை மணி நேரம் வீசுது. மெதுவா நகர்ற பெரிய புயல் கடைசி ரெண்டையும் அள்ளிக் கொடுத்துரும். ஆழ்கடல்ல அலைக்கூட்டத்தோட வேகம் நாட்ல (மணிக்கு எத்தனை கடல்மைல்) வேணும்னா, அலைநேரத்தை, அதாவது ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில ஆகுற விநாடியை, 1.5ஆல பெருக்கு. 15 விநாடி அலைன்னா 22.5 நாட். 1000 கடல்மைல் தள்ளி இருக்கிற கரைக்கு 44 மணி நேரத்துல வந்துரும், அங்க ஒரு மேகம்கூட இருக்காது. நம்ம கரையில புயலே இல்லாம திடீர்னு ஏறி வர்ற கள்ளக்கடலும் இப்படித்தான், தெற்கு இந்தியப் பெருங்கடல்ல கிளம்பி வருது.

முருகன், 8:13
கப்பல் புயலை விட்டு விலகிப் போறதுக்கு 1-2-3 கணக்கு. முன்னறிவிப்புப் பிழைக்கு முதல் நாள் 100 கடல்மைல், ரெண்டாம் நாள் 200, மூணாம் நாள் 300. இதை 34 நாட் காத்து எட்டுற ஆரத்தோட கூட்டணும். சில பேர் மையத்துல இருந்து மட்டும் அளந்துருவாங்க, தப்பே அங்கதான். லெஸ்லி மாதிரி, முன்னறிவிக்கிற கம்ப்யூட்டர் மாடலுக்கு மாடல் வேற பாதை காட்டுற புயல்ல அது ரொம்ப ஆபத்து.

செல்வி, 8:15
கரையேறுறப்போ எவ்வளவு காத்து?

சண்முகவேல், 8:21
போர்ச்சுகலோட மதீரா தீவுக்கு வடக்கே போச்சு. அந்தத் தீவுக்கு வரலாற்றுலயே முதல் தடவையா வெப்பமண்டலப் புயல் எச்சரிக்கை. போர்ச்சுகலைத் தொடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஹரிக்கேன் தன்மை போச்சு. சராசரிக் காத்து சுமார் 110. ஆனா போர்ச்சுகல் கரையோர ஊரான ஃபிகெய்ரா ட ஃபோஸ்ல ஒரு வீச்சு மணிக்கு 176 கிமீ! 3 லட்சத்துக்கும் மேல வீடுகள்ல கரண்ட் இல்ல.

சுரேஷ், 8:22
பலம் குறைஞ்ச பிறகு எப்படி 176?

சண்முகவேல், 8:28
சராசரி வேற, வீச்சு வேற. அமெரிக்கா 1 நிமிஷ சராசரி எடுக்கும், நம்ம வானிலைத் துறை 3 நிமிஷம். வீச்சுங்கிறது சில விநாடி. அதோட, வெப்பமண்டலத் தன்மை மாறுறப்போ புயல் சூடான காத்துக்கும் குளிர்ந்த காத்துக்கும் உள்ள வித்தியாசத்துல இருந்து சக்தி எடுக்கும். அந்த நேரத்துல நடுவானத்துக் காத்துல மழைத்துளி ஆவியாகும், காத்து குளிர்ந்து கனமாகி ஒரு குறுகிய பட்டையா தரையில பாயும். ஸ்டிங் ஜெட்னு பேரு. லெஸ்லியில அது நடந்திருக்குன்னு ஆய்வு இருக்கு.

முருகன், 8:30
மாமா, பிரான்ஸை விட்டுட்டீங்க.

சண்முகவேல், 8:34
அதான் பெரிய சோகம். மிச்ச ஈரம் கிழக்கே போய், மத்தியதரைக் கடல் ஈரத்தோட சேர்ந்து, 14 ராத்திரி தெற்கு பிரான்ஸ்ல ஓட் மாவட்டத்து மேல நின்னுருச்சு. த்ரெப் ஊர்ல சில மணி நேரத்துல சுமார் 300 மிமீ. ஓட் ஆறு 1891க்கு அப்புறம் அவ்வளவு உயரம் ஏறினதில்ல. 10 பேருக்கு மேல செத்தாங்க. தூங்குற நேரம். ஆரஞ்சு எச்சரிக்கை சிவப்பா மாறினதே விடிகாலையிலதான்.

செல்வி, 8:36
அப்போ வரைபடத்துல பாதையை போர்ச்சுகலோட முடிச்சா தப்பா பெரியப்பா?

சண்முகவேல், 8:37
முடிக்காத. 13 வரைக்கும் முழுக்கோடு, அங்கிருந்து 15 வரைக்கும் பிரான்ஸ் பக்கமா புள்ளிக்கோடு போடு.